செவ்வாயில் ஒளிந்த சொல்

1950ஆம் ஆண்டு, ஜூன் திங்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஆஷ்லாந்து என்னும் ஊரில் உள்ள சிறைக்கூடத்தின் கதவு திறக்கிறது. மீசை வைத்த, மெலிந்த மனிதர் ஒருவர் உள்ளே நடக்கிறார். களவாடியவரல்லர், கத்தி எடுத்தவரல்லர், கள்ளநோட்டு அடித்தவரல்லர். எழுதியவர்! எழுதியதோடு, "நீ எந்தக் கட்சிக்காரன்?" என்று அதிகாரம் கேட்டபோது, அதைக் கேட்கும் உரிமை உமக்கில்லை என்று நிமிர்ந்து நின்றவர். டால்டன் டிரம்போ என்பது அவர் பெயர்.

அதே நாட்களில் அந்நாட்டுக் கொட்டகைகளில் ஒரு சிறு படம் ஓடிக்கொண்டிருந்தது. நிலவுக்குப் புறப்பட்ட ராக்கெட், வழி தவறிச் செவ்வாய்க் கோளுக்குச் சென்று சேரும் கதை. 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' என்று அதற்குப் பெயர். கண் இமைக்காமல் அதைக் கண்டு களித்த மக்களுக்கு, சிறைக்குள் போன அந்த மனிதரின் கை அந்தக் கதையிலே இருந்தது தெரியாது. தெரிய வழியும் இல்லை. எழுதியவர், தயாரித்தவர், இயக்கியவர் மூவரும் கர்ட் நியூமன் ஒருவரே என்று திரை சொல்லிற்று.

எழுத்தைச் சிறையிலடைக்க முடியாது என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழக்கம் சரியே. ஆனால், எழுத்து எந்தச் சந்து வழியாகத் தப்பிச் செல்கிறது, யார் தோளில் ஏறிச் செல்கிறது, என்ன விலை கொடுத்துச் செல்கிறது என்பதை நாம் விசாரிப்பதில்லை. அமெரிக்க நாட்டில் அது தப்பிச் சென்ற வழிகளுள் ஒன்று, கற்றோர் முகம் சுளித்த வழி. மட்டமான படம், மலிவான படம், சிறுபிள்ளைகள் பார்க்கும் படம் என்று ஒதுக்கப்பட்ட விஞ்ஞானக் கற்பனைப் படங்களின் வழி!

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1947ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்கக் காங்கிரசின் கீழவைக் குழு ஒன்று, ஹாலிவுட் எழுத்தாளர்களையும் இயக்குநர்களையும் அழைத்து விசாரித்தது. அமெரிக்காவுக்கு ஒவ்வாத நடவடிக்கைகளை ஆராயும் குழுவாம்! ஒவ்வும், ஒவ்வாது என்று தீர்ப்பளிக்க இவர்களுக்கு யார் அளவுகோல் தந்தார்கள் என்று கேட்க அங்கும் சிலர் இருந்தனர். 'நீ பொதுவுடைமைக் கட்சியில் இருக்கிறாயா, எப்போதேனும் இருந்தாயா?' என்ற கேள்விக்கு விடைதர மறுத்தனர் பதின்மர். அவர்களுள் ஒருவர் டிரம்போ. அவமதிப்புக் குற்றம் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. அந்த நவம்பரிலேயே படமுதலாளிகள் நியூயார்க் நகரின் மாளிகை போன்றதொரு விடுதியிலே கூடி, இந்தப் பதின்மருக்கு இனி வேலை இல்லை என்று முடிவு கட்டினர். பட்டியல் நீண்டது. அடுத்த பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

அந்தக் குழுவின் தலைவராக அமர்ந்து அதட்டியவர் பார்னெல் தாமஸ். இல்லாத ஊழியர்களை இருப்பதாகக் கணக்கெழுதி அரசுப் பணத்தை விழுங்கியதற்காக, அவரும் பின்னர் சிறைக்குப் போனார். டான்பரி சிறையிலே, தம்மால் தண்டனை பெற்ற பதின்மருள் இருவரான லார்ட்னரும் கோலும் அவருக்குச் சக கைதிகளாக இருந்தனர். நாட்டுப்பற்றை உரக்கப் பேசுவோரின் கணக்குப் புத்தகத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அமெரிக்கரும் அறிந்துகொண்டனர்.

வேலை போய்விட்டது, பசி போகவில்லை. ஹாலிவுட்டிலேயே மிகுந்த ஊதியம் பெற்ற எழுத்தாளருள் ஒருவராக இருந்த டிரம்போ, பெயரில்லாமல், கிடைத்த கூலிக்கு எழுதத் தொடங்கினார். பெரிய ஸ்டூடியோக்கள் வெளிப்படையாக அவரைத் தொட அஞ்சின. சிறிய முதலாளிகள் அஞ்சவில்லை. அவர்களுக்கென்ன, கொள்கைப் பற்றா? இல்லை. மலிவாகக் கிடைக்கும் சிறந்த எழுத்தை விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை. இலாப ஆசையும் சில வேளை நீதியின் வாகனமாகிவிடுகிறது, விந்தைதான்!

அத்தகைய முதலாளிகளுள் ஒருவர் ராபர்ட் லிப்பர்ட். கொட்டகைகளின் சொந்தக்காரராக இருந்து படமெடுக்க வந்தவர். ஒரு சீட்டுக்கு இரண்டு படம் காட்டும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. முதற்படம் பெரிய நட்சத்திரங்களுடையது. இரண்டாவது, நேரத்தை நிரப்புவது. அந்த இரண்டாவது படத்தை அள்ளிக் கொடுத்தவர் இவர். 1950இல், ஜார்ஜ் பால் என்பவர் 'டெஸ்டினேஷன் மூன்' என்று நிலவுப் பயணப் படமொன்றை வண்ணத்தில், ஏறக்குறைய 6 இலட்சம் டாலர் செலவில் எடுத்துக்கொண்டிருந்தார். விளம்பரமோ விண்ணைத் தொட்டது. லிப்பர்ட் என்ன செய்தார்? ஏறக்குறைய 94,000 டாலரில், மூன்று வாரத்துக்கும் குறைந்த நாட்களில், தம் ராக்கெட்டை எடுத்து முடித்து, பெரிய படம் வருமுன்னரே மே மாதக் கடைசியில் கொட்டகைகளில் பறக்கவிட்டார். பணக்காரன் வீட்டுத் திருமண மேளம் கேட்டு, பந்தலுக்கு வெளியே கடை விரித்தவனின் சாமர்த்தியம் இது.

ஆனால் இந்த இரண்டு படங்களும் சொன்னவை என்ன? இங்கேதான் வாசகர்களின் கவனத்தை வேண்டுகிறோம். வண்ணப் படம், நிலவைக் கைப்பற்றுகிறவன் இந்த மண்ணையே ஆள்வான். பகைவன் அங்கே ஏவுகணைகளை நிறுத்துமுன் நாம் சென்றுவிட வேண்டும் என்றது. செலவை ஏற்கத் தொழில் முதலாளிகள் முன்வர வேண்டும் என்றும் வாதாடிற்று. ஆறு இலட்சம் கொட்டி எடுத்த படத்திலே விண்வெளி ஒரு போர்ப்பாசறை!

எளிய படமோ வேறு பேசிற்று. அதன் பயணிகள் ஐவர். நால்வர் ஆடவர், ஒருவர் பெண். எந்திரக் கோளாற்றால் செவ்வாயில் இறங்குகிறார்கள். அதுவரை கறுப்பு வெள்ளையாக இருந்த படம் அங்கே செந்நிறம் பூண்டது. கலிபோர்னியாவின் வறண்ட நிலத்தில் எடுத்து, படச்சுருளுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். சிவந்த மணலில் நடக்கும் பயணிகள் காண்பது இடிந்த கட்டடங்கள், உருகிய உலோகம். கதிர்வீச்சை அளக்கும் கருவி அலறுகிறது. உயர்ந்த நாகரிகம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அணுப்போர் அதை எரித்துவிட்டது. எஞ்சிய மக்களோ குகைவாசிகள், உடல் வெந்தவர்கள், கல்லெறிபவர்கள். பயணிகளில் இருவர் அங்கேயே மடிகின்றனர். மூவர் கலத்தில் ஏறித் திரும்பும்போது எரிபொருள் போதவில்லை. கண்டதை வானொலி வழியே மண்ணுக்குச் சொல்லிவிட்டு, நோவா ஸ்கோஷியாவில் விழுந்து மாண்டுபோகிறார்கள்.

காதலர் கைகோக்க, கொடி பறக்க முடிய வேண்டிய படம் இப்படி முடிந்தது! அது வெளிவந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1949 ஆகஸ்டில் சோவியத் நாடு அணுகுண்டை வெடித்தது. 1950 ஜனவரி இறுதியில் டுரூமன் ஐட்ரஜன் குண்டு செய்ய ஆணையிட்டதை அறிவித்தார். பிப்ரவரியில் மெக்கார்த்தி, அரசு அலுவலகத்தில் பொதுவுடைமையர் இருப்பதாகப் பட்டியல் காட்டிக் கூச்சலிட்டார். ஜூன் 25இல் கொரியப் போர் மூண்டது. இந்தச் சூழலில் 'அணுப்போரில் வென்றவன் இல்லை' என்று ஒரு பெரிய படம் நேராகச் சொல்லியிருந்தால், யார் எழுதியது, எந்தக் கட்சி, எவர் தூண்டுதல் என்று விசாரணை வந்திருக்காதா? செவ்வாயில் நடந்ததாகச் சொல்லவே, சிறுபிள்ளைக் கதை என்று விட்டுவிட்டார்கள். அந்தச் செவ்வாய்ப் பகுதியில்தான் டிரம்போவின் கை மிகுதி என்று, அப்படத்தை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

இந்தப் படத்தில் இன்னொரு சிறு செய்தி உண்டு, பலர் கவனிப்பதில்லை. எரிபொருளைக் கணக்கிடும்போது, பெண் விஞ்ஞானியின் கணக்கும் தலைமை விஞ்ஞானியின் கணக்கும் வேறுபடுகின்றன. தலைவர் தம் கணக்கே சரி என்கிறார். அவள் வருந்த, ஒரு கணம் பெண்ணாக இருந்ததற்காகவா வருந்துகிறாய் என்று பெருந்தன்மை காட்டுவதுபோலக் கேட்கிறார். அவர் கணக்கைப் பின்பற்றிய ராக்கெட் எங்கே போயிற்று என்பதுதான் கதை! படத்தை எடுத்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களா, அறியோம். அதே படம் அவளைப் பார்த்து, சமையலறை எங்கே, குழந்தை எங்கே என்னும் பாணியில் அசட்டுப் பேச்சும் பேசுகிறது. ஆயினும் கணக்கு கணக்குத்தானே. அதற்கு ஆண் பெண் தெரியாது.

லிப்பர்ட் என்ற பெயர் நம் மக்களுக்கு முற்றிலும் அயலானதன்று. 1952இல் அவருடைய நிறுவனமும் சேலம் மாடர்ன் தியேட்டர்சும் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தை இங்கே எடுத்தன. தமிழில் அது 'காடு'. நம் யானைகளுக்குக் கம்பளி போர்த்தி, அழிந்துபோன பண்டை யானை இனம் என்று அமெரிக்கருக்குக் காட்டினார்கள். அதில் அரசியல் ஏதுமில்லை. யானை பாவம், கோடையில் கம்பளி! ஆனால் அதே மாடர்ன் தியேட்டர்சில்தான், ராக்கெட்ஷிப் வெளிவந்த அதே 1950இல், கலைஞர் கருணாநிதியின் எழுத்தில் 'மந்திரிகுமாரி' உருவாயிற்று. குண்டலகேசியின் கதையை எடுத்து, மன்னர் காலத்து உடையணிவித்து, இராசகுருவின் சூழ்ச்சியைக் காட்டி, நிகழ்காலத்து ஆதிக்கத்தைத் தாக்கிற்று அப்படம். இங்கே பழங்காலம் போர்வை. அங்கே எதிர்காலம் போர்வை. சேலத்துக் கொட்டகையிலே 'அவர் யாரைச் சொல்கிறார்' என்று மக்கள் உடனே புரிந்துகொண்டு கைதட்டினர். அமெரிக்கக் கொட்டகையிலே கைதட்டியவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்தது? நம் படத்துக்குப் பின்னே ஓர் இயக்கம் இருந்தது. ஏடும் மேடையும் மன்றமும் இருந்தன. டிரம்போவுக்குப் பின்னே இருந்தது அச்சத்தால் அடைத்துப்போன வீதி. இந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றென்று கூறுவது நேர்மையாகாது.

போர்வை எல்லாருக்கும் பொது. அதை நல்லவர் மட்டுமே போர்த்திக்கொள்வர் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். 1952இல் வந்த 'ரெட் பிளானட் மார்ஸ்' என்ற படம் அதற்குச் சான்று. செவ்வாயிலிருந்து வானொலிச் செய்தி வருகிறது. முதலில், அங்கே நிலக்கரி இல்லாமலே தொழில் நடக்கிறதாம் என்று கேட்டு மேலை நாடுகளின் பொருளாதாரம் கவிழ்கிறது. பிறகு வருகிறது வேத உபதேசம்! கடவுளே செவ்வாயில் அமர்ந்து செய்தி அனுப்புகிறார் என்று உலகம் நம்ப, ரஷ்ய உழவர்கள் கிளர்ந்தெழுந்து ஆட்சியைக் கவிழ்த்து, அதன் இடத்தில் மதகுருவை அமர்த்துகிறார்களாம். செய்தி முழுவதும் பழைய நாஜி விஞ்ஞானி ஒருவன் ஆண்டீஸ் மலையிலிருந்து செய்த புரட்டு என்று படமே ஒரு கட்டத்தில் சொல்கிறது. அங்கேயே நின்றிருந்தால் அது ஒரு பகுத்தறிவுப் படமாகியிருக்கும். கடைசி நிமிடத்தில், 'இல்லை இல்லை, பின்னால் வந்த செய்தி மட்டும் மெய்யாகவே மேலிருந்து வந்தது' என்று முடித்துவிட்டார்கள். பூசாரியின் திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, பிறகு அவன் காலிலேயே விழுந்த கதை! நமக்கு இந்த வகைக் கதை புதிதன்று.

டிரம்போவைப் போலவே மறைந்து எழுதியவர் பெர்னார்டு கார்டன். விசாரணைக் குழு அவருக்கு அழைப்பாணை அனுப்பிற்று. சாட்சிக் கூண்டுக்கு அழைக்கவே இல்லை. ஆயினும் அழைப்பாணை வந்தவன் என்ற முத்திரையே வேலையைப் பறிக்கப் போதுமானதாயிற்று. ரேமண்ட் டி. மார்கஸ் என்ற பெயரில், சாம் கட்ஸ்மன் என்னும் சிக்கனப் பேர்வழியிடம் எழுதினார். 1956இல் 'எர்த் வெர்சஸ் தி ஃபிளையிங் சாசர்ஸ்' அவ்வாறு வந்தது. பறக்கும் தட்டுகள் வாஷிங்டன் நகரைத் தாக்குகின்றன. ஒன்று காங்கிரஸ் மண்டபத்தின் கவிகைமாடத்திலேயே சென்று மோதுகிறது. அந்தக் காட்சி ரே ஹாரிஹவுசனின் கைவண்ணம். எழுத்தாளரின் பழிவாங்கல் என்று கூற நம்மிடம் ஆதாரமில்லை. ஆனால், தம்மை வேலையற்றவராக்கிய குழுவின் அவை கூடும் மண்டபம் நொறுங்குவதைக் கொட்டகை இருளில் அமர்ந்து அவர் கண்டிருந்தால், புன்னகை பூத்திருக்க மாட்டாரா?

அடுத்த ஆண்டில் அவர் எழுதிய 'தி மேன் ஹூ டர்ன்டு டு ஸ்டோன்' படத்தையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். படம் சிறந்ததா? இல்லை, நடிப்பு மரம், அரங்கு அட்டை. கதையைக் கேளுங்கள். பெண்களுக்கான சீர்திருத்தச் சிறை ஒன்று. அதை நடத்துவோர் கண்ணியமான உடையணிந்த மேலோர். அவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிறந்தவர்கள், இன்னும் சாகவில்லை. எப்படி? கைதிப் பெண்களின் உயிராற்றலை உறிஞ்சித் தங்கள் உடலில் ஏற்றிக்கொள்கிறார்கள். உறிஞ்சத் தவறினால் உடல் கல்லாக இறுகிவிடும். இறந்த பெண்களுக்கு இதய நோய் என்று சான்றிதழ் எழுதப்படுகிறது. கேட்பதற்கு யாருமில்லாத ஏழைப் பெண்கள்தாமே! சிறையைச் சீர்திருத்தக் கூடம் என்பர்; உறிஞ்சுதலை விஞ்ஞானம் என்பர்; கொலையை நோய் என்பர். நூற்றாண்டுகளாகப் பிறர் உழைப்பில் வாழ்வோர், தங்கள் வாழ்வே உலகுக்குத் தேவை என்று உளமார நம்புகிறார்கள் என்பதையும் அந்த அட்டை அரங்குப் படம் காட்டிவிட்டது. பெயர் மறுக்கப்பட்ட ஒருவர்தான் இதை எழுதினார் என்பதை அறிந்தபின், அதை அசட்டுப் பேய்க்கதை என்று எண்ண மனம் ஒப்பவில்லை.

இனி, அறிஞர் பலரும் ஓயாமல் வாதிடும் படத்துக்கு வருவோம். டான் சீகல் இயக்கி 1956இல் வெளியான 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்'. ஏறக்குறைய 4 இலட்சம் டாலரில், ஒரு திங்களுக்கும் குறைந்த நாட்களில் எடுத்தது. சிற்றூர் ஒன்றில், விண்ணிலிருந்து வந்த விதைகள் பெரும் நெற்றுகளாகக் காய்க்கின்றன. மனிதன் உறங்கும்போது, நெற்றிலிருந்து அவனைப் போன்றே ஒருவன் முளைத்து அவன் இடத்தைப் பிடிக்கிறான். அதே முகம், அதே குரல், அதே நினைவு. அன்பு மட்டும் இல்லை, சினம் இல்லை, துயரம் இல்லை. 'நீயும் உறங்கிவிடு, துன்பமே இராது' என்று மாறியவர்கள் மாறாதவர்களை அழைக்கிறார்கள்.

இந்த நெற்று மனிதர் யார்? பொதுவுடைமையர் என்றனர் சிலர். இல்லை, அண்டை வீட்டானைக் காட்டிக்கொடுத்து, எல்லாரும் சொல்வதையே சொல்லி, தலையாட்டியே வாழும் மெக்கார்த்தி காலத்து அமெரிக்கர் என்றனர் வேறு சிலர். கதாநாயகனாக நடித்தவர் பெயரும் மெக்கார்த்தி; கெவின் மெக்கார்த்தி! படத்தின் ஆற்றலே, இரு சாராரும் தத்தம் பகைவரை அதில் காண முடிந்ததுதான் என்று புகழ்வோர் உண்டு. நாம் அவ்வளவு தாராளமாகப் புகழத் தயங்குகிறோம். கொடுமைக்காரனும் கொடுமைக்கு ஆளானவனும் ஒரே படத்தைப் பார்த்து, 'இது என் கதை' என்று மகிழ்ந்து வீடு திரும்பினால், அந்தப் போர்வை சற்றுக் கனத்துவிட்டது என்றே பொருள். உருவகத்தில் பேசுவதால் உயிர் தப்பலாம். ஆனால் அதற்குரிய தண்டமும் செலுத்த வேண்டியிருக்கிறது.

அந்த மங்கலான படத்துக்கும் ஸ்டூடியோ அஞ்சிற்று. நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகளுக்கு நடுவே, 'அவர்கள் வந்துவிட்டார்கள்' என்று நாயகன் கதற, எவரும் நிற்காமல் போவதோடு படம் முடிய வேண்டுமென்பது சீகலின் எண்ணம். மக்கள் மனம் உடைந்துவிடும் என்று முன்னும் பின்னும் புதுக் காட்சி ஒட்டவைத்தனர். நாயகன் மருத்துவமனையில் கதை சொல்கிறான். நெற்று ஏற்றிய வண்டி விபத்துக்குள்ளான செய்தி வர, மருத்துவர் நம்புகிறார். உடனே தொலைபேசியில் கூட்டரசுப் புலனாய்வுத் துறையை அழைக்கிறார். காப்பாற்ற யாரை அழைத்தார்கள், பார்த்தீர்களா? ஊரிலுள்ள எழுத்தாளர், ஆசிரியர், நடிகர் பற்றியெல்லாம் கோப்பு வைத்துக்கொண்டிருந்த அதே துறையை!

காலம் மாறிற்று. போர்வை மெலிந்தது. 1968இல் பிட்ஸ்பர்க் நகரை அடுத்து, ஏறக்குறைய 1,14,000 டாலரில் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில், விண்கலம் கொணர்ந்த கதிர்வீச்சால் பிணங்கள் நடக்கின்றன. இரவெல்லாம் போராடித் தப்பியவன் ஒரு கறுப்பு இளைஞன். விடியற்காலையில், வேட்டைக்கு வந்த வெள்ளையர் கூட்டம் அவனையும் பிணமென்று சுட்டுக்கொன்று, கொக்கியால் இழுத்து நெருப்பில் இடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஆண்டில் அது திரைக்கு வந்தது. விளக்கம் தேவைப்படவில்லை.

1984இல் ஜான் சேல்ஸ், ஏறக்குறைய 3,50,000 டாலரில் எடுத்தார் 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்'. விண்ணிலிருந்து விழுந்தவன் கறுப்பன், ஊமை, காலில் மூன்றே விரல். குடியேறுவோரை வடிகட்டிய எல்லிஸ் தீவில் வந்து விழுகிறான். சுவரைத் தொட்டால், என்றோ அங்கே காத்துக்கிடந்தோரின் குரல்கள் அவன் காதில் கேட்கின்றன. நியூயார்க்கின் ஹார்லம் பகுதி மக்கள், நீ யார், எந்தக் குலம், எங்கே சீட்டு என்று கேளாமல் சோறும் படுக்கையும் வேலையும் தருகிறார்கள். கறுப்புடை தரித்த வெள்ளையர் இருவர் அவனைத் தேடி அலைகிறார்கள். அவர்களுள் ஒருவராக இயக்குநரே நடித்தார். அவன் யாரென்று நமக்குத் தெரிவது ஓர் அருங்காட்சியகத்தில். தப்பியோடும் அடிமையின் படத்தைச் சிறுவன் ஒருவனுக்குச் சுட்டிக்காட்டி, பிறகு தன்னைக் காட்டி, விரலை வானத்தை நோக்கி உயர்த்துகிறான். அவ்வளவுதான், ஒரு சொல் இல்லை. கோள் மாறினாலும் அடிமைத்தனம் அங்கேயும் இருக்கிறது. அங்கிருந்தும் ஒருவன் ஓடி வருகிறான். வானுலகில் எல்லாரும் சமம் என்று ஆறுதல் கூறி ஏழையை உறங்கவைத்தோருக்கு, இந்த ஊமையின் ஒற்றை விரலைவிட நல்ல மறுமொழி இல்லை. எண்ணற்ற டாலர் கொட்டி வானில் போர் நடத்திக் காட்டிய படங்களைப் பார்த்திருக்கிறோம். மேலே விரல் நீட்டிய அந்த மனிதன் நிற்பதுபோல அவை நெஞ்சில் நிற்கவில்லை.

எழுதியோர் என்ன ஆனார்கள்? மறைந்து எழுதிய ஆண்டுகளில் டிரம்போவின் கதைகள் இருமுறை ஆஸ்கார் பரிசு பெற்றன; இரு முறையும் வேறு பெயருக்கே சென்றன. 1957இல் 'ராபர்ட் ரிச்' என்று மேடையிலிருந்து அழைத்தபோது, அப்படி ஒரு மனிதரே இல்லை! 1960இல்தான் 'ஸ்பார்ட்டகஸ்', 'எக்சோடஸ்' படங்களில் அவர் பெயர் மீண்டும் திரையேறிற்று. 1975இல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, ராபர்ட் ரிச்சின் பரிசு அவர் கைக்கு வந்தது. மற்றது 1993இல், அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின். கார்டனின் பெயரை எழுத்தாளர் சங்கம் பல படங்களில் மீட்டுத் தந்தது. 1999இல், சக கலைஞர்களைக் காட்டிக்கொடுத்த இலியா கசானுக்குச் சிறப்புப் பரிசு என்று அறிவித்தபோது, எண்பது வயதில் எதிர்ப்புக்கு முன்னின்றவர் அவர்.

அந்தச் செவ்வாய்ப் படம் இன்றும் கிடைக்கிறது. விரும்புவோர் போட்டுப் பார்க்கலாம். செந்நிறப் பாலையும், இடிந்த நகரமும், அலறும் கருவியும் அப்படியே இருக்கின்றன. தொடக்கத்தில் வரும் பெயர்ப் பலகையும் அப்படியே இருக்கிறது: எழுதியவர், தயாரித்தவர், இயக்கியவர் கர்ட் நியூமன்.